முதல் முறை மட்டும் சரியாக ஓடும் ஸ்கிரிப்ட்

சிஜிஐ-யில் பல வருடம் ஒழுங்காக ஓடிய பெர்ல் ஸ்கிரிப்டை மாட்-பெர்லுக்கு மாற்றியதும் ஒருவர் பெயர் இன்னொருவர் பக்கத்தில் வருகிறது என்றால், பலரும் சர்வரைத்தான் குறை சொல்வார்கள். தவறு ஸ்கிரிப்டில் முன்பே இருந்தது என்பதே என் கருத்து. சிஜிஐ-யில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது பிராசஸ். வேலை முடிந்ததும் நினைவகம் மொத்தமும் துடைக்கப்பட்டுவிடும். மாட்-பெர்லின் ரெஜிஸ்ட்ரியோ முழு ஸ்கிரிப்டையும் ‘ஹேண்ட்லர்’ என்ற சப்ரூட்டீனுக்குள் வைத்து, ஒருமுறை கம்பைல் செய்து, திரும்பத் திரும்ப அழைக்கிறது. தனியாக நிற்பதாக நாம் நினைத்து எழுதிய சப்ரூட்டீன்கள் எல்லாம் இப்போது இன்னொன்றின் வயிற்றுக்குள் இருக்கின்றன.

பெயருள்ள சப்ரூட்டீன் கம்பைல் ஆகும்போதே, வெளியே ‘மை’ போட்டு அறிவித்த மாறியின் முதல் பிரதியைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விடவே விடாது. மேலே ‘பயனர்’ என்ற மாறி, கீழே அதை அச்சிடும் ‘வாழ்த்து’ சப்ரூட்டீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் குமார் வந்தால் ‘வணக்கம் குமார்’. அடுத்து மீனா வரும்போது ஹேண்ட்லருக்குப் புது ‘பயனர்’ கிடைக்கிறது. வாழ்த்து மட்டும் பழையதையே பார்த்து, மீனாவுக்கும் ‘வணக்கம் குமார்’ என்கிறது. அப்பாச்சியின் ஒவ்வொரு சைல்ட் பிராசஸுக்கும் தனிப் பிரதி இருப்பதால், ரீலோட் செய்தால் ஒருமுறை சரி, ஒருமுறை தப்பு. ‘-எக்ஸ்’ சுவிட்ச் கொடுத்து ஒரே பிராசஸில் ஓட்டினால் இரண்டாவது கோரிக்கையிலேயே பிடிபடும்.

‘அவர்’ (our) போட்டு மாறியைக் குளோபல் ஆக்கினால் தீர்ந்தது என்பார்கள். கம்பைல் ஆகும்போது பெர்ல் தரும் எச்சரிக்கை மறையும், உண்மைதான். ஆனால் குளோபலின் மதிப்பு அடுத்த கோரிக்கை வரைக்கும் தங்கும். ஏதோ ஓர் ‘இஃப்’ கிளையில் மதிப்பு கொடுக்க மறந்தால், முந்தைய ஆளின் விவரம் அப்படியே வெளியே போகும். அதனால்தான் மதிப்பை ஆர்கியுமென்டாக அனுப்புவதையே நான் முதலில் சொல்வேன். பழைய ஸ்கிரிப்டில் நாற்பது இடத்தில் திருத்த வேண்டுமே என்ற சலிப்பு நியாயமானது. அங்கே சப்ரூட்டீன்களைத் தனி மாட்யூலுக்குக் கொண்டுபோகலாம். அல்லது பெயரில்லா சப்ரூட்டீனாக மாற்றி ஒரு மாறியில் வைக்கலாம், அது ஒவ்வொரு ஓட்டத்திலும் புதிதாகப் பிறக்கும். பெர்ல் 5.26 முதல் ‘மை சப்’ சோதனை நிலையைத் தாண்டி நிலைபெற்றுவிட்டதால், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

‘யூஸ் வார்னிங்ஸ்’ இருந்தால் பெர்ல் இந்தச் சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: ‘வில் நாட் ஸ்டே ஷேர்ட்’. கம்பைல் ஆகும்போது ஒருமுறைதான் வரும் என்பதால் எரர் லாகில் புதைந்துபோகும். உங்கள் லாகில் அந்த வரியை இன்றே தேடிப் பாருங்கள்.