சிக்னல் கம்பத்தை ஃபைலுக்குள் ஏற்றும் முன்

ரயில்வே சிக்னல் வேலை என்றால் ஆர்ஆர்பி தேர்வு என்றுதான் நம்ம ஊரில் நினைப்பு. கோவையின் போத்தனூரிலேயே சிக்னல், தொலைத்தொடர்புப் பணிமனை இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் கம்பம், விளக்கு, பலகை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் படிக்கும்படி எழுதிவைக்கும் தரவு வடிவம் அமைப்பதும் ஒரு வேலை. 2020-இல் நாடு முழுவதற்குமான ரயில் பாதுகாப்பு அமைப்பாக ஏற்கப்பட்ட கவச், தண்டவாளத்தில் பதித்த ஆர்எஃப்ஐடி டேக்குகளைப் படித்து ரயில் இருக்கும் இடத்தை அறிகிறது. சிக்னல் நிற்கும் இடத்தைத் தப்பாக எழுதிக் கொடுத்தால், கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன பயன்?

“எக்செல்லில் ஒரு ஷீட் போட்டா போதாதுங்களா?” என்றுதான் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. ஒரு ஹோம் சிக்னலின் படத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். (நேரில் பார்க்கிறேன் என்று தண்டவாளத்தில் இறங்காதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 147-இன்படி அது குற்றம்.) ஒரே கம்பத்தில் பிரதான விளக்குகள், தலைக்கு மேல் கிளைப்பாதையைக் காட்டும் ஐந்து வெள்ளை விளக்குகளின் வரிசை, கீழே ‘சி’ தகட்டோடு காலிங்-ஆன் சிக்னல், எண் தகடு. இத்தனையையும் ஒரே வரியில் திணித்தால் அடுத்த ஸ்டேஷனின் கம்பம் அதில் அடங்காது. கம்பத்துக்கு ஒரு பதிவு, அதில் மாட்டிய ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு என்று பிரியுங்கள். சிக்னலின் பொறுப்பு (டிஸ்டன்ட், ஹோம், ஸ்டார்ட்டர்) ஒரு புலம். காட்டக்கூடிய நிறங்கள் இன்னொரு புலம். இப்போது என்ன நிறம் எரிகிறது என்பது இந்த ஃபைலுக்குச் சம்பந்தமே இல்லாதது.

தகடுகளை அலங்காரம் என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளை வட்டத்தில் கறுப்பு ‘ஏ’ இருந்தால் அது ஆட்டோமேட்டிக் சிக்னல். அங்கே சிவப்பு எரிந்தால் ஓட்டுநர் பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு எச்சரிக்கையோடு நகரலாம். அந்தத் தகடு இல்லாத ஹோம் சிக்னலில் அப்படித் தானாக நகர முடியாது. ஒரு எழுத்து சிவப்பின் பொருளையே மாற்றுகிறது!

பலகைகளில் சிக்கல் வேறு மாதிரி. லெவல் கிராஸிங்குக்கு முன் விசில் அடிக்கச் சொல்லும் ‘டபிள்யூ/எல்’ பலகைக்கும், அதையே இந்தியில் சொல்லும் ‘சீ/ஃபா’ பலகைக்கும் வேலை ஒன்றே. அதனால் பலகையின் முகத்தில் உள்ள எழுத்தை ஒரு புலத்திலும், அதன் கட்டளையை இன்னொரு புலத்திலும் வையுங்கள்.

இனி இடம். கிலோமீட்டர் எண் மட்டும் இருந்தால் போதுமென்பார்கள். இருகூரிலிருந்து போத்தனூருக்குச் சிங்காநல்லூர் வழியாக ஒரு தடம். பீளமேடு, கோவை ஜங்ஷன் சுற்றி இன்னொரு தடம். புறப்படும் புள்ளியும் சேரும் புள்ளியும் ஒன்று, நடுவிலுள்ள தூரம் வேறு. தடத்தின் அடையாளம், திசை, கிலோமீட்டர் மூன்றும் சேர்ந்தால்தான் அது முகவரி.

பெயரிடுவதிலும் மாற்றங்களைப் பதிவதிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹானகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் சுற்றில் முன்பு செய்த மாற்றங்களின் குறைபாடுகளை விசாரணை சுட்டிக்காட்டியது. ஒயர்களுக்கு இட்ட தவறான லேபிளும் அதில் ஒன்று. எந்தத் தேதியில், எதை, யார் மாற்றினார், யார் சரிபார்த்தார் என்ற நான்கு புலங்களை ‘பிறகு சேர்க்கலாம்’ என்று தள்ளுகிறவரோடு எனக்கு ஒத்துவராது.

எக்ஸ்எம்எல்லா, ஜேசனா என்று முதல் நாளே சண்டை போடாதீர்கள். ஐரோப்பாவில் 2002-இல் தொடங்கிய ரயில்எம்எல் வடிவத்தைப் படியுங்கள். நம் பலகைகளை அதன்மேல் சேர்த்துப் பாருங்கள். விதிகளுக்குச் செகந்தராபாத்திலுள்ள ரயில்வே சிக்னல் பயிற்சி நிறுவனமான இரிசெட்டின் பாடக்குறிப்புகள் கைகொடுக்கும்.

இன்டர்வியூவுக்குக் கற்பனை ஸ்டேஷன் ஒன்றை வைத்து இருபது பதிவுகள் தயாரித்துப் போங்கள். நண்பரிடம் வாட்ஸ்அப்பில் வாங்கிய அசல் இன்டர்லாக்கிங் பிளானைக் காட்டினால் வேலை கிடைக்காது, வேறு ஏதாவது கிடைக்கும். அந்த இருபதில் இரண்டு பதிவுகளில் தகட்டுப் புலம் காலியாக இருக்கட்டும்: ஒன்றில் காரணம் ‘தகடு இல்லை’, இன்னொன்றில் ‘வேப்பங்கிளை மறைத்தது, பார்க்கவில்லை’. இரண்டையும் உங்கள் வடிவம் எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதை அங்கே விளக்குங்கள்.