மரக்கடைக்கு வந்த உறை

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் தாத்தாவின் சைடன்ஹாம்ஸ் ரோடு மரக்கடைக்குப் போர்ட் பிளேரிலிருந்து வந்த உறையின் இரு பக்கப் படங்களும் கிடைத்தன. தபால்தலையை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் ஐயா, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

முத்திரையில் மே 9 தெரிகிறது, ஆண்டு மங்கிவிட்டது. பெரிய தலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் 5 பைசா தலையைப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுப் படத்தின் மேல் அகதிகள் நிவாரணம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்காக, 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் 31 வரை கடிதங்களில் கூடுதலாக ஒட்டிய தலை அது. அந்த இடைவெளியில் மே மாதம் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஆகவே ஆண்டு 1972. விலாசத்தில் வெறும் ‘மெட்ராஸ்-3’ என்று இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. பின்கோடு வந்தது அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான்.

பின்பக்கம் மெட்ராஸ் முத்திரை மே 20. பதினொரு நாள்! கடல்வழி சுமார் 1,190 கிலோமீட்டர், கப்பலுக்கு மூன்று நாள் சொச்சம். கப்பலில் வந்திருந்தால், மீதி நாளெல்லாம் கடிதம் கப்பலுக்காகக் காத்துக்கிடந்திருக்கும். இத்தனை தாமதத்தில் விலை பேசி, சரக்கு ஏற்றி, பணம் வசூலிக்க வேண்டும். உறையின் ஓரத்தில் தந்தி விலாசத்தை எதற்காக அவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டார்கள் என்று இப்போது புரிகிறதல்லவா?

அதற்குக் கீழே படாக், கர்ஜன், பப்பீதா என்று மூன்று மரங்களின் பெயர்கள். படாக் மேசை நாற்காலிக்கு, கர்ஜன் பிளைவுட்டுக்கு, பப்பீதா தீக்குச்சிக்கு. திருவொற்றியூரில் விம்கோ நகருக்குப் பெயர் தந்த அதே தீப்பெட்டிக் கம்பெனி அந்தமானிலும் தொழில் நடத்தியது. போர்ட் பிளேரில் சாத்தம் தீவு அரசு மர அறுவை ஆலை 1883-லேயே தொடங்கியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தமானில் மரம் வெட்டுவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. காட்டுக்கு அது தேவைதான். ஆனால் உங்கள் உறையில் இருக்கும் வணிகம் அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது.

அந்தமான் என்றாலே நமக்குச் செல்லுலார் சிறைதான். 1896-க்கும் 1906-க்கும் இடையில் கட்டிய அந்தச் சுவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். ஆனால் பிழைப்புத் தேடித் தாமாகவே கப்பலேறி, போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் கடை போட்ட தமிழர்கள், குஜராத்திகள், வங்காளிகளின் கதையை யார் எழுதிவைத்தார்கள்? முன்பு ராஸ் தீவு எனப்பட்ட தீவில் பர்சந்த் அலி கடையின் இடிபாடு இன்றும் நிற்கிறது. அந்தக் கடை யாரிடம் சரக்கு எடுத்தது என்பதை ஒரே ஒரு பில் உறை சொல்லிவிடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் இருந்து வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவை நாம் அறிவதே, கெய்ரோவில் ஒரு யூதக் கோயில் அறையில் போட்டுவைத்திருந்த கடிதங்களால்தான். அவையும் சரக்கு, விலை, பாக்கி பற்றிய கடிதங்களே.

உறையின் பின்பக்கம் பென்சிலில் கன அடிக் கணக்கு இருக்கிறது. தாத்தாவின் கையெழுத்தாக இருக்க வேண்டும். அதை அழிக்காதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். உள்ளே கடிதம் இருந்தால் உறையோடு சேர்த்தே வையுங்கள்.

இன்னொன்று. தாத்தாவின் பெட்டியில் பேரேடு இருக்கிறதா? இருந்தால் 1972 மே, ஜூன் பக்கங்களைப் புரட்டி, உறையை அனுப்பிய வியாபாரியின் பெயரில் என்ன பற்று, என்ன வரவு என்று பாருங்கள். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். அபர்தீன் பஜாரில் பழைய கடைக்காரர்களிடம் காட்டி விசாரிக்கிறேன்.

அன்புடன்,
போர்ட் பிளேரிலிருந்து