பூச்சிமருந்தும் நன்னீர் மீன்களும்

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் உள்ளது செம்மங்குப்பம். அதனருகே சிப்காட் தொழிற்பேட்டையும் உப்பனாறும் இருக்கின்றன. தெற்கே செல்லச் செல்ல நெல்வயல்கள் விரிகின்றன. ஆலைக் கழிவைப் பற்றி நாம் அனைவரும் பேசுகிறோம். ஆனால் வயலில் தெளிக்கும் மருந்து வாய்க்காலிலும் குளத்திலும் கலப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. விராலும் கெண்டையும் கெளுத்தியும் இந்நீரில்தான் வாழ்கின்றன. அவற்றுக்கு நேரும் தீங்கை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மருந்து நீரை அடையும் வழி

குருத்துப்பூச்சிக்கும் புகையானுக்கும் தெளிக்கப்படும் மருந்து முழுவதும் பயிரில் தங்குவதில்லை. ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி மண்ணில் படிகிறது. மீதி மழைநீரோடும் வடிகால் நீரோடும் வெளியேறுகிறது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாரும் ஜப்பானிய அறிஞர்களும் இணைந்து செய்த ஆய்வுகள் 1990, 1991-ஆம் ஆண்டுகளில் வெளியாயின. வயலில் இட்ட பி.எச்.சி. மருந்தில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிக் காற்றில் கலந்ததை அவர்கள் கண்டனர். எனினும் வெள்ளாற்று நீரிலும் அதன் எச்சம் இருந்தது. மழைக்காலத்தில் அது மிகுந்தது. பி.எச்.சி. 1997-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

எவ்வளவு இருந்தால் நஞ்சு?

96 மணி நேரத்தில் பாதி மீன்களைக் கொல்லும் அளவைக் கொண்டு நஞ்சின் கடுமையை அளப்பது வழக்கம். எண்டோசல்ஃபானுக்குப் பல நன்னீர் மீன்களில் இவ்வளவு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்களே. ஒரு ஏக்கர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் ஏறத்தாழ 40 லட்சம் லிட்டர் நீர் நிற்கும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்ற அளவை எட்ட அதில் 4 கிராம் மருந்து கலந்தாலே போதும்! இம்மருந்துக்கு உச்ச நீதிமன்றம் 2011-இல் தடை விதித்தது. இன்று பரவலாகத் தெளிக்கப்படும் சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மனிதருக்கு ஓரளவே தீங்கு செய்பவை. மீனுக்கோ மிகக் கொடியவை. அவற்றை விரைந்து சிதைக்கும் ஆற்றல் மீனின் உடலில் குறைவு.

நடத்தை மாற்றங்கள்

மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் மருந்துகள் நரம்பைத் தாக்குகின்றன. நரம்புச் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலினை அவ்வப்போது சிதைக்கும் நொதியை இவை செயலிழக்கச் செய்வதால், நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. அப்போது மீனில் காணக்கூடியவை:

1. திடீரெனத் துள்ளுதல், தாறுமாறாக நீந்துதல்.
2. அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறத்தல்.
3. செவுள் மூடி முதலில் வேகமாகவும், பின்னர் தளர்ந்தும் அசைதல்.
4. உடலில் கோழை மிகுதல், இரை எடுக்காமை.
5. சமநிலை இழந்து பக்கவாட்டில் சாய்தல்.

கொல்லாத அளவும் தீங்கே. சின்னூக் சால்மன் என்னும் மீனைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியானது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் டயசினான் கலந்த நீரில் இருந்த இளமீன்கள், ஆபத்தை உணர்த்தும் வாசனைக்கு வழக்கம்போல் அஞ்சி ஒதுங்கவில்லை. பகையை அறியாத மீன் எத்தனை நாள் பிழைக்கும்?

உடல்நலக் கேடுகள்

செவுள் இழைகள் வீங்கி ஒட்டிக்கொள்வதால் மூச்சு தடைப்படுகிறது. கல்லீரலின் கிளைகோஜன் சேமிப்பு கரைகிறது. அதன் செல்கள் சிதைகின்றன. இரத்தச் சிவப்பணுக்கள் குறைகின்றன. முட்டை வளர்ச்சி தடைபட்டு, குஞ்சு பொரிப்பதும் குறைகிறது. விராலும் பனையேறிக் கெண்டையும் காற்றையும் சுவாசிக்க வல்லவை. ஆக்சிஜன் குறைந்த நீரில் அவை தாக்குப்பிடிக்கும். ஆனால் நஞ்சிலிருந்து அத்திறன் அவற்றைக் காப்பதில்லை.

முடிவுரை

மீன் செத்து மிதந்தால்தான் நீர் கெட்டது என்று எண்ணுகிறோம். உண்மையில் மீன் துள்ளும்போதே, இரையை மறுக்கும்போதே நீர் கெட்டுவிட்டது. வாய்க்கால் மீன் ஏழைக் குடும்பத்தின் உணவு என்பதையும் மறக்கலாகாது. எனவே பூச்சியின் தாக்குதல் பொருளாதார சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்து தெளிக்க வேண்டும். தெளித்தபின் சில நாட்கள் மடையை அடைத்து வைக்க வேண்டும். தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் வாய்க்காலில் கழுவக்கூடாது. மருந்தால் செத்த மீனை உண்ணவோ விற்கவோ கூடாது. உழவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் இவற்றைத் தம் ஊரில் எடுத்துச் சொன்னால், விலங்கியல் பாடம் வகுப்பறையோடு நின்றுவிடாது.