முதுசமும் வாய்ச்சொல்லும்

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனிடம் செல்வது வன்னி மக்களின் வழக்கம். அந்த அம்மையின் கதையிலே குடும்பங்களுக்கான பாடம் ஒன்றும் உண்டு. பாண்டியன் சபையில் அவள் கண்ணீர் மட்டும் வழக்கை வெல்லவில்லை. தன் சிலம்பில் உள்ளது மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பிலோ முத்து. உடைத்தபோது மாணிக்கம் தெறித்தது, வழக்கும் முடிந்தது. உடைமைக்குச் சாட்சி வேண்டும் என்பதே அப்பாடம்.

எமது குடும்பங்களில் பிணக்கு எழுவது இச்சாட்சி இல்லாத இடத்திலேதான். "அம்மம்மாவின் அட்டியல் உனக்குத்தான்" என்று தாய் மூத்த மகளுக்குச் சொல்லியிருப்பார். கடைசிக் காலத்தில் பராமரித்த இளையவளுக்கும் அதையே சொல்லியிருப்பார். இரண்டும் அன்பினால் சொன்னவை. ஆயினும் அந்தியேட்டி முடியுமுன்பே சகோதரிகளுக்கிடையில் கதை பேச்சு நின்றுவிடுகிறது. 2009ஆம் ஆண்டு இடப்பெயர்வில் நகைகளையும் உறுதிகளையும் இழந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். வழியில் விற்றதா, புதைத்ததா, ஒருவர் வைத்திருக்கிறாரா என்ற ஐயம் உறவுகளை அரிக்கின்றது.

ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனப் பிரித்தது. ஆனால் எந்த நகை எந்தப் பிள்ளைக்கு என்று அது சொல்லாது. காணியோ வாய்ச்சொல்லால் கைமாறாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் உறுதி முடிக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாமல் மரணசாதனம் எழுதுவதாயின் ஐந்து சாட்சிகள் வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பின்னுரித்தாளரைப் பதிவு செய்தல் அவசியம். பதியாவிடில் சட்டம் சொல்லும் வரிசைப்படியே காணி செல்லும். ஆண்களை முன்வைத்த பழைய வரிசை 2022இல் திருத்தப்பட்டது.

நகைக்கு உறுதி தேவையில்லை. பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும் நல்ல நாளொன்றில் உரியவர் கையில் கொடுத்துவிடலாம். பின்னர் கொடுப்பதாயின் எத்தனை பவுண், என்ன அடையாளம், யாருக்கு என்பதை மரணசாதனத்தில் எழுதிவைக்கலாம். ஒருவருக்குக் கொடுத்த வாக்கை மாற்ற நேர்ந்தால், அவரையே அழைத்துக் காரணத்தைச் சொல்லுதல் தருமம். தாம் போன பின் அவர் பிறர் வாயால் அறிவது பெருந்துன்பம்.

கூடப்பிறந்தவர்கள் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் நிலை வராமல் பார்ப்பது பெற்றோரின் கடமை. அதற்கு அம்பிகையின் திருவருள் துணைநிற்பதாக.