புல் விரிக்கும் முன்

தோட்ட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

சென்னையின் தென்புறத்தில் நாற்பது வருஷமாகப் புல்தரை போட்டுத்தான் என் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால் புல்லைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் அதை எங்கே போடலாம், எங்கே போடக்கூடாது என்று தெரிந்துகொள்ளவே எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம்.

1. மண்ணைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். கேட்டைத் திறந்ததுமே வீட்டுக்காரர், "லான் போட எவ்வளவு ஆகும்?" என்பார். நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: "மே மாசம் போர் எவ்வளவு நேரம் ஓடும் சார்?" அவர் தயங்கினால், தயக்கம்தான் பதில்.

2. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால் அது 1 லிட்டர். கோடையில் புல்லுக்கு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, 465 லிட்டர். நகரத்தில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. மூன்று பேருக்கு மேலான தண்ணீரை அந்தப் புல் குடிக்கிறது. 12,000 லிட்டர் லாரி வாங்கினாலும் ஒரு மாதம் தாங்காது.

3. வறட்சி வராது என்று நம்பி வேலை செய்யாதீர்கள். சென்னைக்கு வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை உண்டு. ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்த்துவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வெயில். 2018-இல் அந்த மழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

அந்த ஜூனில், நான் போட்டுக் கொடுத்த ஒரு புல்தரையைப் பார்க்கப் போனேன். லாரித் தண்ணீர் ஓஸ் வழியாகப் புல்லுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஓஸின் மூட்டில் லேசான ஒழுகல். வாட்ச்மேனின் மனைவி அந்தச் சொட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்து வைத்துவிட்டுக் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் குடத்தை எடுக்கப் போனார். "இருக்கட்டும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல? புல்லைப் போட்டவன் நான்தானே. அது அந்தக் கோடையில் பிழைக்கவும் இல்லை.

4. கால் படும் இடத்தில் மட்டும் புல் வையுங்கள். பிள்ளைகள் ஓடும் இடம், சாயங்காலம் நாற்காலி போடும் இடம், போதும். மதிலோரத்திலும் சரிவிலும் புல்வெட்டுகிறவன் தவிர யார் நடக்கிறார்கள்? அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2021-இல் இதைச் சட்டமாகவே போட்டது. லாஸ் வேகாஸ் பக்கம் சாலை நடுவிலும் அலுவலக வாசலிலும் வெறும் அழகுக்கு இருக்கும் புல்லுக்கு, 2026 முடிந்தபின் கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கிடையாது.

5. "புல் இல்லாமல் வாசலா?" என்று கேட்பவரிடம் அவருடைய பாட்டி வீட்டை நினைவூட்டுங்கள். பெருக்கி, தெளித்து, கோலம் போட்ட மண் வாசல் அது. வாசலில் புல் முளைத்துக் கிடந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

6. இருக்கிற புல்லைச் செல்லம் கொடுத்துக் கெடுக்காதீர்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படுத்துக்கொள்ளும். இடைவெளி விட்டு, விடியற்காலையில், அரை அடி ஆழம் நனையும்படி விடுங்கள். ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். அது சுலபமாக இறங்கும் வரைதான் ஈரம். ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அருகம்புல் பழுப்பாகிவிட்டதே என்று பதறிப் பிடுங்கவும் வேண்டாம். பெரும்பாலும் அது உறங்குகிறது. மழை விழுந்தால் தளிர்க்கும்.

7. தண்ணீர் குறைப்பது என்றால் கல் கொட்டுவது அல்ல. பிளாஸ்டிக் ஷீட் விரித்து மேலே கூழாங்கல் பரப்பினால், மழை மண்ணுக்குள் இறங்காது, சூடு சுவரில் அடிக்கும். செயற்கைப் புல் விற்க வருகிறவரைச் சித்திரை மத்தியானத்தில் வெறுங்காலோடு அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். மண்ணுக்குப் போர்வை காய்ந்த சருகும் தென்னை மட்டைத் துண்டும்தான். மூன்று அங்குலம் மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும்.

8. செடிகளைத் தாகம் பார்த்துச் சேருங்கள். மல்லிகையும் செம்பருத்தியும் வீட்டுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். நந்தியாவட்டை, காகிதப்பூ, நொச்சி, ஆவாரை மதிலோரத்தில். பச்சைத் தரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பொடுதலையைக் காட்டுங்கள். தரையோடு படரும், வெட்டு வேலை குறைவு, வேர் பிடித்தபின் வறட்சியும் தாங்கும். தேனீ வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. புரட்டாசியில் நடுங்கள். வேர் பிடிக்கும் வேலையை மழை பார்த்துக்கொள்ளும். வறட்சி தாங்கும் செடியானாலும் முதல் கோடைக்கு உங்கள் கைத்தண்ணீர் வேண்டும். மொட்டைமாடிக் குழாயைப் பாத்திப் பக்கம் திருப்ப முடியுமா என்றும் பாருங்கள். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல். மிஞ்சுவது மழைநீர்க் குழிக்குப் போகட்டும். 2003 முதல் அது கட்டாயம். பல வீடுகளில் அது சேறு அடைத்துக் கிடக்கிறது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

10. கடைசியாகக் காசு. புல்தரை மாதாமாதம் பராமரிப்புக் கூலி தரும். வறட்சி தாங்கும் தோட்டம் அப்படித் தராது. இதை மறைத்து உங்களுக்கு அறிவுரை சொன்னால் அது பொய். அந்தக் குடம் வைத்த வீட்டில் இப்போது முன்பக்கம் பொடுதலை, பின்பக்கம் பிள்ளைகளுக்கு ஒரு துண்டு அருகு. என்னை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு அதே தெருவில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். போன தடவை போனபோது வாட்ச்மேனின் மனைவி மருந்துக்கென்று ஒரு கைப்பிடி பொடுதலை பறித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ளவில்லை.