மகாராணியின் தனிப் பெட்டி

திலக் நகர்வாசிகளாகிய நமக்குப் புகைவண்டி என்றாலே நெரிசல்தான். ஆனால் அரச குடும்பத்திற்கென்றே பெட்டிகள் ஓடிய காலமும் உண்டு. அத்தகைய பெட்டியொன்றை மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் கண்டேன். 1979-இல் நிறுவப்பெற்ற அக்காட்சிசாலையின் ஸ்ரீரங்க மண்டபத்தில், 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணியின் சலூன் புதுப்பொலிவுடன் நிற்கிறது.

சலூன் என்றதும் முடிதிருத்தும் நிலையத்தை எண்ண வேண்டாம். தங்கிச் செல்வதற்கான வசதிகள் நிறைந்த தனிப் பெட்டிக்கு ரயில்வேயில் அதுவே பெயர். சமையலறை, உணவறை, கழிப்பறை யாவும் இங்கே உண்டு. வீடொன்று சக்கரம் பூட்டிக்கொண்டு புறப்பட்டதோ என வியந்தேன்.

இது வெறும் ஆடம்பரந்தானா? 1894-இல் சாமராஜேந்திர உடையார் மறைந்தபோது மைந்தர் கிருஷ்ணராஜருக்கு வயது பத்தே. 1902 வரை அன்னை கெம்பநஞ்சம்மணியே ஆட்சிப் பொறுப்பை ஏற்று நடத்தினார். எனவே 1899-இல் மைசூரை ஆண்டவர் ஒரு பெண்மணி என்பதை நாம் மறத்தலாகாது.

நாணயத்தின் மறுபக்கமும் உண்டு. 1917-இல் காந்தியடிகள் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் சென்றார். 22 பேருக்கான பெட்டியில் பெரும்பகுதி வழி 35 பேர். கழிப்பறைத் தொட்டியில் நீரில்லை. இதை அவரே எழுதி வெளியிட்டார்.

இரண்டும் ஒரே நாட்டின் தண்டவாளத்தில் ஓடியவையே. மகாராணியின் பெட்டி காப்பாற்றப்பட்டிருக்கிறது, மகிழ்ச்சி. அந்த 35 பேர் நின்ற பெட்டியையும் பக்கத்தில் வைத்தாலன்றோ வரலாறு முழுமை பெறும்!