‘அஞ்சு வருஷம் கவலையே இல்ல சார்!’ - லோடு வண்டிக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கலாமா?



போன மாசம் ஒரு சனிக்கிழமை மதியம், சித்தப்பா பையன்கிட்ட இருந்து போன். "அண்ணா, ஷோரூம்ல உக்காந்திருக்கேன். அப்பா வண்டிக்கு எல்லாம் முடிஞ்சுது. எக்ஸ்டெண்டட் வாரண்டி 23,600 ரூபாயாம். லோன்லயே சேர்த்துக்கலாம், மாசம் 600 ரூபா தான் கூடும்ங்கறாங்க. கையெழுத்து போடவா?"

"போடாத. ஒரு மணி நேரம் டைம் கேளு"ன்னு சொன்னேன்.

தம்பி சென்னையில ஐடி கம்பெனியில வேலை பார்க்கிறான். சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏத்துறவர். வாங்கப் போறது ஒன்றரை டன் டீசல் பிக்கப். டவுன் பேமெண்ட் தம்பியோட சேமிப்பு. நம்ம வாசகர்கள்ல நிறைய பேர் இதே நிலைமையில இருக்கீங்க. சம்பளம் உங்களோடது, வண்டி அப்பாவோடதோ அண்ணனோடதோ. அதனால அந்த ஒரு மணி நேரத்துல நாங்க போட்ட கணக்கை அப்படியே இங்க எழுதுறேன்.

அதுக்கு முன்னாடி ஒரு உண்மையை ஒத்துக்கணும். சித்தப்பாவோட பழைய வண்டிக்கு வாரண்டி வாங்கச் சொன்னதே நான்தான். அப்போ சிஏ பாஸ் பண்ணின புதுசு. "18,000 ரூபா தானே சித்தப்பா, நிம்மதிக்கு விலை உண்டா?"ன்னு பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். விதிமுறையை ஒரு வரி கூடப் படிக்கல. டர்போ போனப்போ பில் 38,000 ரூபா. க்ளெய்ம் நிராகரிப்பு. காரணம்: ஒரு சர்வீஸ் 3,000 கி.மீ. தாமதம், அதுவும் ஊர் மெக்கானிக்கிட்ட பண்ணினது. சித்தப்பா என்னை ஒண்ணும் சொல்லல. வட்டிக்கு வாங்கி வண்டியை எடுத்தார். இந்தத் தடவை நான் தப்பு பண்ணக் கூடாது இல்லையா?

பாடம் 1: ‘எது முதலில் வருதோ அது’

வண்டிக்குக் கம்பெனி தர்ற வாரண்டி 3 வருஷம் அல்லது 1 லட்சம் கி.மீ. எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்தா 5 வருஷம் அல்லது 1.5 லட்சம் கி.மீ. ரெண்டுலயும் எது முதலில் வருதோ அதோட முடிஞ்சுடும்.

சேல்ஸ்மேன் வாயில வர்றது ‘அஞ்சு வருஷம்’ மட்டும்தான். சித்தப்பா ஒரு நாளைக்குப் போய் வர்றது, குறைச்சு வெச்சாலும் 200 கி.மீ. மாசம் 25 நாள்னா 5,000 கி.மீ.

- 1 லட்சம் கி.மீ. ÷ 5,000 = 20 மாசம். கம்பெனி வாரண்டி அங்கேயே முடிஞ்சுது.
- அடுத்த 50,000 கி.மீ. ÷ 5,000 = 10 மாசம். எக்ஸ்டெண்டட் வாரண்டி மொத்தமே இவ்வளவுதான்.

அதாவது 23,600 ரூபா குடுத்து நாம வாங்குறது ரெண்டு வருஷப் பாதுகாப்பு இல்ல, 21-வது மாசத்துல ஆரம்பிச்சு 30-வது மாசத்துல முடியற 10 மாசப் பாதுகாப்பு. மாசத்துக்கு 2,360 ரூபா. கி.மீ. கணக்குல பார்த்தா சுமார் 47 பைசா.

பாடம் 2: ‘மாசம் 600 ரூபா தான்’

விலை 20,000, அதுமேல 18% ஜிஎஸ்டி 3,600. இதை 11% வட்டியில 48 மாசக் கடன்ல சேர்த்தா இஎம்ஐ சுமார் 610 ரூபா கூடும். மொத்தமா கட்டுறது சுமார் 29,280. முதல் 20 மாசம் கட்டும்போது அந்தப் பாதுகாப்பு ஆரம்பிச்சே இருக்காது. 30-வது மாசம் அது முடிஞ்ச பிறகும் இன்னும் 18 மாசம் கட்டணும். ‘மாசம் எவ்வளவு’ன்னு கேட்டா சின்னதாத்தான் தெரியும். ‘மொத்தம் எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு’ன்னு கேளுங்க.

இன்னொண்ணு, "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம் சார்"னு சொல்லுவாங்க. பத்து வண்டிக்கு மேல இல்லாத சரக்கு வண்டி உரிமையாளர்கள் நிறைய பேர் உத்தேச வருமான முறையில கணக்கு காட்டுவாங்க. 12 டன்னுக்கு மேற்படாத வண்டின்னா மாசத்துக்கு 7,500 ரூபா லாபம்னு சட்டமே வெச்சுக்கும். அதுல டீசல், டயர், வாரண்டின்னு எந்தச் செலவையும் தனியா கழிக்க முடியாது. சித்தப்பாவும் இந்த முறைதான். அவருக்கு ஜிஎஸ்டி பதிவும் இல்ல, அதனால அந்த 3,600 திரும்பி வராது. தம்பி தன்னோட சம்பள வருமானத்துல இதைக் கழிக்கவும் வழி இல்ல.

பாடம் 3: எது கவர் ஆகாது?

டீசல் வண்டியில பெரிய செலவு வைக்கிறது நாலஞ்சு இடம்தான்: இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்ப், டர்போ, கியர் பாக்ஸ், அப்புறம் புகையைச் சுத்தப்படுத்துற டிபிஎஃப் மாதிரியான பாகங்கள். 2020 ஏப்ரல் 1-லிருந்து பிஎஸ்6 கட்டாயம் ஆனதுக்குப் பிறகு கடைசிப் பட்டியல் நீண்டிருக்கு, சென்சார்களும் கூடியிருக்கு. அதனால வாரண்டிக்கு அர்த்தமே இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா விதிமுறையைப் படிச்சா இப்படித்தான் இருக்கும்:

- கிளட்ச் பிளேட், பிரேக், பேட்டரி, ஃபில்டர், ரப்பர் பாகங்கள் மாதிரி தேய்மானப் பொருட்கள் கிடையாது. லோடு வண்டியில அடிக்கடி போறதே இதுங்கதான்.
- டீசல்ல தண்ணியோ அழுக்கோ கலந்து இன்ஜெக்டர் போனா கிடையாது. இன்ஜெக்டர் போறதுக்கு ரொம்பச் சாதாரணமான காரணமே இதுதான்.
- ஓவர்லோடு ஏத்தினதுன்னு தெரிஞ்சா கிடையாது. தக்காளி சீசன்ல ஒன்றரை டன் வண்டியில எவ்வளவு ஏறும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.
- சர்வீஸ் தவறினாலோ, வெளியில பண்ணினாலோ கிடையாது. மாசம் 5,000 கி.மீ. ஓடுற வண்டிக்கு சர்வீஸ் தேதி வேகமா வந்துடும். லோடு இருக்குற நாள்ல யார் வண்டியை நிறுத்துவாங்க?

இதையெல்லாம் விட முக்கியமானது, வண்டி நிக்கிற நாட்களோட வருமான இழப்பு. சித்தப்பாவுக்கு ஒரு நாள் நின்னா கையில நிக்கிற 1,500 ரூபா போச்சு. ஒப்புதல், பார்ட்ஸ்னு எட்டு நாள் ஆனா 12,000. சாதாரண வாரண்டி இதைத் தராது.

பாடம் 4: சரியான கேள்வி என்ன?

"ரிப்பேர் வருமா, வராதா?"ன்னு ஜோசியம் பார்க்க வேண்டாம். வாரண்டி விலையை, நீங்க பயப்படுற பெரிய ரிப்பேர் செலவால வகுங்க.

இன்ஜெக்டரும் பம்பும் சேர்ந்து 60,000 ரூபா ஆகும்னு வெச்சுக்குவோம். (இது உதாரணம், உங்க வண்டிக்கு சர்வீஸ் சென்டர்ல எஸ்டிமேட் கேளுங்க.) 23,600 ÷ 60,000 = 39%. அதாவது, 1 லட்சத்துக்கும் 1.5 லட்சத்துக்கும் நடுவுல, இதே மாடல் வண்டி பத்துல நாலுக்கு இந்தச் செலவு வந்து, க்ளெய்மும் பாஸ் ஆனாத்தான் இந்த விலை நியாயம்.

பத்துல நாலு வருதா? இதுக்கு கூகுள் வேண்டாம். சித்தப்பா அங்கேயே இருந்து மார்க்கெட் ஸ்டாண்டுல இதே வண்டி ஓட்டுறவங்களுக்குப் போன் போட்டார். எட்டு பேர்கிட்ட பேசினார். அந்த ஓட்டத்துக்குள்ள பெரிய செலவு வந்தது ஒருத்தருக்கு. அவருக்கும் டீசல் பிரச்சினைன்னு வாரண்டி தரல. எட்டு பேர்ங்கறது பெரிய ஆய்வு இல்லதான். ஆனா பளபளப்பான நோட்டீஸை விட இது எவ்வளவோ மேல்.

அப்போ யாருக்கும் வேண்டாமா?

அப்படி இல்ல. எந்தப் பாதுகாப்புத் திட்டமும் சராசரிக் கணக்குல நமக்கு நஷ்டமாத்தான் இருக்கும். இல்லன்னா விக்கிறவன் கடையை மூடிடுவான். கேள்வி என்னன்னா, அந்த அடி விழுந்தா நம்மால எழுந்திருக்க முடியுமா?

வாங்கலாம்:
- ஓட்டம் குறைவு. உதாரணமா வருஷம் 15,000 கி.மீ. ஓடுற சொந்த டீசல் கார். உங்களுக்கு அஞ்சு வருஷம்னா நிஜமாவே அஞ்சு வருஷம். பாடம் 1 அப்படியே தலைகீழாகும்.
- கையில சேமிப்பு இல்ல, சேர்க்கவும் வழியில்ல, 60,000 ரூபா செலவு வந்தா கந்துவட்டிக்குத்தான் போகணும்.
- ஒவ்வொரு சர்வீஸையும் நேரத்துக்கு, அவங்க சென்டர்லயே பண்ணுவீங்க.
- வாரண்டியில கையெழுத்து போடுறது வண்டி தயாரிச்ச கம்பெனியே, வேற ஏதோ மூணாவது நிறுவனம் இல்ல.

வேண்டாம்:
- மாசம் 4,000, 5,000 கி.மீ. ஓட்டம்.
- ஓவர்லோடு, வெளி சர்வீஸ் தவிர்க்க முடியாது.
- மாசாமாசம் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடியும்.

டெலிவரி அன்னைக்கே முடிவு பண்ணணும்ங்கற அவசரமும் வேண்டாம். கம்பெனி வாரண்டி முடியறதுக்குள்ள பிறகு வாங்கவும் பல இடங்கள்ல வழி இருக்கு, விலை கொஞ்சம் கூடலாம். கடைசித் தேதியையும் கி.மீ. வரம்பையும் எழுத்துல கேளுங்க.

நாங்க என்ன பண்ணினோம்?

வாங்கல. தம்பி தன் கையிலிருந்து 23,600 ரூபாயைத் தனி அக்கவுண்ட்ல போட்டான். சித்தப்பா மாசம் 1,500 ரூபா, அதாவது ஒரு நாள் வருமானம், அதுல போடுறார். கம்பெனி வாரண்டி முடியற 20-வது மாசம் அதுல 53,600 ரூபா இருக்கும், 30-வது மாசம் 68,600. வட்டி தனி. இது வாரண்டியை விடக் கூடுதல் பணம்தான், மறைக்கல. ஆனா செலவாகலன்னா நம்ம பணம். கிளட்சுக்கும் உதவும், வண்டி நிக்கிற நாளைக்கும் உதவும், யாரும் நிராகரிக்க முடியாது. ஒரே நிபந்தனை: கல்யாணம், காதுகுத்துக்கு அதுல கை வைக்கக் கூடாது. ஏடிஎம் கார்டு தம்பிகிட்ட.

ஏற்கெனவே வாரண்டி வாங்கினவங்களுக்கு: ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும், டீசல் பில்லையும் போட்டோ எடுத்து வையுங்க. க்ளெய்மை மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. ‘கமர்ஷியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக முடியாது’ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கின பொருளுக்கு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நீங்களும் நுகர்வோர்தான். 2 வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல புகார் குடுக்கலாம். முதல் படியா 1915-க்குப் போன் பண்ணலாம். பழைய வண்டி விஷயத்துல இதை நான் சித்தப்பாவுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. நீங்க உங்க வீட்டுல சொல்லிடுங்க.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். "முதல் சர்வீஸ் விட்டுட்டேன்டா. தேதி தவறல, கம்பெனி சென்டர்லதான்"னார். கம்பெனி வாரண்டி அந்த 20 மாசம் இருக்கே, அதையாவது நாம கெடுத்துக்கக் கூடாது இல்லையா?

உங்க வண்டியோட மாச ஓட்டம், வாரண்டி விலை, அதுல சொல்லியிருக்கிற கி.மீ. மூணையும் கமெண்ட்ல போடுங்க. கணக்கை அடுத்த வீடியோவுல சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.